தொட்டித் தவளைக்கும் பசிக்கும்

தவளை தன் வாயால் கெடும் என்று சொல்வார்கள். மழை பெய்ததும் சும்மா இருக்காமல் கத்தி, தான் இருக்கும் இடத்தைத் தானே பாம்புக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது பொருள். அக்குவாரியம் கடைகளில் மீன்களுக்கு நடுவே விற்கப்படும் குட்டித் தவளைகளின் கதை வேறு. அவை வாயைத் திறந்து கெடுவதில்லை. பக்கத்திலேயே உணவு கிடந்தும் அது வாய்க்கு எட்டாமல், ஒரு சத்தமும் இல்லாமல் இளைத்துச் செத்துப்போகின்றன.

கட்டைவிரலின் நுனியைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு. புள்ளி வைத்ததுபோல இரண்டு கண்கள். நான்கு காலிலும் விரல்களுக்கிடையே சவ்வு. கைகால்களை விரித்துத் தண்ணீருக்குள் அது மிதப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் பிள்ளைகள் கடையைவிட்டு நகரமாட்டார்கள். விலையும் சில ரிங்கிட்தான். நாயைப்போல நடக்க அழைத்துப் போக வேண்டாம், பூனையைப்போல முடி கொட்டாது, வீட்டில் இடத்தையும் அடைக்காது. வேலைக்குப் போகும் இளம் தம்பதிக்கும், கொண்டோவில் வசிக்கும் குடும்பத்துக்கும் ஏற்ற பிராணி என்றுதான் தோன்றும்.

ஏற்ற பிராணிதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பணத்தைவிட, இடத்தைவிட, இந்தத் தவளைக்கு உங்கள் நேரம்தான் அதிகம் வேண்டும். தீனி போடும் ஒவ்வொரு முறையும் ஒருவர் தொட்டியின் முன்னால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். அதற்குத் தயாராக இருக்கும் வீட்டில் அது 5 ஆண்டுகள்வரை வாழும். தீனியைத் தூவிவிட்டு வேலையைப் பார்க்கப் போகும் வீட்டில் சில மாதங்கள் தாங்கினாலே அதிகம்.

வாங்கும்முன் கையைப் பாருங்கள்

கடைகளில் "ஆப்பிரிக்கத் தவளை" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு தவளைகள் விற்கப்படுகின்றன. ஒன்று, ஆப்பிரிக்கக் குள்ளத் தவளை. கேமரூன், காங்கோ போன்ற மத்திய ஆப்பிரிக்க நாடுகளின் ஆழமில்லாத நீர்நிலைகளைச் சேர்ந்தது. முழுதாக வளர்ந்தாலும் 3 முதல் 4 சென்டிமீட்டர்தான் இருக்கும். மற்றொன்று, தென்னாப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்த ஆப்பிரிக்க நகத் தவளை. இதன் குட்டியும் கடைத் தொட்டியில் அதே அளவில்தான் தெரியும். ஆனால் பெண் நகத் தவளை 10 சென்டிமீட்டரைத் தாண்டி, கைப்பிடி அளவுக்கு வளரும். வாயில் நுழையும் எந்த மீனையும் விழுங்கும். உடன் விட்ட குள்ளத் தவளையையும் விட்டுவைக்காது.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி, முன்னங்கால்களைப் பார்ப்பது. குள்ளத் தவளைக்கு முன்னங்கால் விரல்களுக்கிடையிலும் சவ்வு இருக்கும். நகத் தவளைக்கு முன்னங்கால் விரல்கள் நம் கைவிரல்களைப்போலத் தனித்தனியாகப் பிரிந்திருக்கும். நகத் தவளையின் கண்கள் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்தபடி அமைந்திருக்கும். குள்ளத் தவளையின் கண்கள் பக்கவாட்டில் இருக்கும். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு குட்டித் தவளையைக் காட்டினால், அது பெரும்பாலும் நிறமியற்ற நகத் தவளையாகத்தான் இருக்கும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? நகத் தவளை 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும். முதலாம் ஆண்டில் படிக்கும் பிள்ளைக்கு இன்று வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் முடிக்கும்போதும் தவளை தொட்டியில் இருக்கலாம். அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பம் அதற்கு ஏற்றது. நம் ஊர் வெயிலில் அந்தக் குளிர்ச்சியைத் தர, தண்ணீரைக் குளிரூட்டும் கருவியை நாள் முழுக்க ஓடவிட வேண்டும். மின்கட்டணத்தை நினைத்துப் பாருங்கள். சாதாரணக் குடும்பத்துக்கு உகந்தது குள்ளத் தவளைதான். இந்தக் கட்டுரையில் இனி வரும் யோசனைகளும் அதற்கானவைதான்.

கடையில் தேர்ந்தெடுக்கும்போது அவசரம் வேண்டாம். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வயிறு ஒட்டிப்போன தவளை ஏற்கெனவே பட்டினி கிடந்தது. தோலில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளைத் திட்டு, தொடையில் சிவப்பு, உடம்பு பலூன்போல ஊதியிருப்பது ஆகியவை நோயின் அறிகுறிகள். அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்க வேண்டாம். முடிந்தால், "கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்கள்" என்று கடைக்காரரைக் கேளுங்கள். தீனியைத் தேடி வரும் தவளைதான் வீட்டுக்கு வர வேண்டிய தவளை. அது கூட்டமாக வாழப் பழகியது. ஒன்றைத் தனியாக வாங்காமல் இரண்டு மூன்றாக வாங்குவது நல்லது.

எதிரே சோறு, எட்டாத வாய்

சாதாரணத் தவளை நீண்ட நாக்கை வீசிப் பூச்சியைப் பிடிப்பதைப் படத்தில் பார்த்திருப்போம். குள்ளத் தவளைக்கு நாக்கே கிடையாது. இரை வாய்க்கு நேராக வரும்போது சட்டென்று வாயைத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். பார்வையும் மட்டம்தான். இரை பக்கத்தில் வந்தால்தான் தெரியும். மற்றபடி வாசனையையும் தண்ணீரின் அசைவையும் வைத்தே தடவித் தடவித் தேடும். தேடிக் கண்டுபிடித்தாலும் முதல் பாய்ச்சலில் குறி தவறும், மறுபடி முயலும்.

இப்படிப்பட்ட பிராணியைக் கப்பி, டெட்ரா மீன்களோடு ஒரே தொட்டியில் விட்டால் என்ன ஆகும்? தீனி விழுந்த அரை நிமிடத்தில் மீன்கள் எல்லாவற்றையும் முடித்துவிடும். வாசனை பிடித்துத் தவளை வந்து சேரும்போது ஒன்றும் மிஞ்சியிருக்காது. மேலே மிதக்கும் தீவனத் தூளும் உதவாது. மிதப்பதை அது தேடுவதில்லை. அடியில் கிடப்பதைத்தான் தேடும். பார்க்கிறவர்களுக்குத் தினமும் தீனி போடுவதாகவே தோன்றும். தவளை மட்டும் நாளுக்கு நாள் மெலியும். பல வீடுகளில் இந்தத் தவளைகள் மடிவதற்கு நோயைவிட முந்திய காரணம் இதுதான்.

சரியாக ஊட்டுவது கடினமல்ல. உறைய வைத்த பிளட்வார்ம் எனும் சிவப்புப் புழு, பிரைன் இறால், டாஃப்னியா ஆகியவை சிறு கட்டிகளாகக் கடைகளில் கிடைக்கும். ஒரு கட்டியைத் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிய கிண்ணத்தில் போட்டு, நன்றாகக் கரைந்து குளிர் விட்டதும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டரை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் நீரோட்டம் தீனியை அடித்துக்கொண்டு போகும். ஒரு நீளமான பிளாஸ்டிக் பிப்பெட்டால் புழுக்களை உறிஞ்சி, தவளையின் மூக்குக்கு முன்னால் மெதுவாக விடுங்கள். அல்லது தொட்டியின் ஒரு மூலையில் சின்ன மண் தட்டை வைத்து, எப்போதும் அதிலேயே தீனியை இடுங்கள்.

தினமும் ஒரே நேரம், ஒரே மூலை என்று வைத்துக்கொண்டால், சில வாரங்களில் தவளைகள் அந்த இடத்தைத் தெரிந்துகொள்ளும். பிப்பெட்டைக் கண்டதும் நீந்தி வரும் தவளைகளும் உண்டு. பத்து நிமிடத்துக்குள் ஒவ்வொன்றும் நாலைந்து வாய் தின்றதா என்று எண்ணிப் பாருங்கள். வளரும் குட்டிகளுக்குத் தினமும், வளர்ந்தவற்றுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். மிச்சத்தை அதே பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்துவிட்டு, ஃபில்டரை மீண்டும் முடுக்குங்கள். நிறுத்திய ஃபில்டரைப் போட மறந்து தூங்கிவிடக் கூடாது.

பிளட்வார்ம் மட்டுமே போட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். நாம் தினமும் ரொட்டி சானாயே தின்றால் எப்படியோ அப்படித்தான் அதுவும். வாரத்தில் இரண்டு மூன்று வகையாக மாற்றிக் கொடுங்கள். புழுவைக் கையால் தொட்டதும் சிலருக்குத் தோல் அரிக்கும், மூக்கு ஒழுகும்; அதனால் கரண்டியோ இடுக்கியோ பயன்படுத்துவது நல்லது.

குடுவை வேண்டாம், தொட்டி வேண்டும்

"சின்னப் பிராணிதானே, சின்னக் குடுவை போதும்" என்று கடையில் சொல்வார்கள். குடுவையில் தண்ணீர் குறைவு. குறைந்த தண்ணீரில் கழிவு சீக்கிரம் சேரும், வெப்பமும் சீக்கிரம் ஏறும். மூன்று நான்கு குள்ளத் தவளைகளுக்கு ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியே தேவை. அதில் சுமார் 40 லிட்டர் பிடிக்கும். கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் எடை 50 கிலோவை நெருங்கும் என்பதால், ஆடாத மேசையாகப் பார்த்து வையுங்கள்.

ஓரடிக்கு மேல் ஆழம் வேண்டாம். காரணம், இந்தத் தவளை நாள் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் மீனைப்போலச் செவுளால் சுவாசிப்பதில்லை. நம்மைப்போல அதற்கும் நுரையீரல்தான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போகும். ஆழம் அதிகமானால் அந்தப் பயணமே அதற்குப் பெரும்பாடு. தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே இரண்டு மூன்று விரல் அளவு காற்று இடம் விடுங்கள்.

மூடி கட்டாயம். தவளை தொட்டியைவிட்டுத் துள்ளி வெளியே விழுந்தால், சற்று நேரத்திலேயே தோல் உலர்ந்து இறந்துவிடும். சோபாவுக்கு அடியில் காய்ந்த சருகுபோல அது கிடைப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம். ஒயர் போகும் ஓட்டையைக்கூட ஸ்பான்ச் வைத்து அடைத்துவிடுங்கள்.

அடியில் மெல்லிய மணல் போடலாம். அல்லது தவளையின் தலையைவிடப் பெரிய வழவழப்பான கூழாங்கல் போடலாம். இரண்டுக்கும் நடுவிலான சிறு கற்களைப் போடாதீர்கள். தீனியோடு சேர்த்து விழுங்கிவிடும். ஃபில்டரில் ஏர் பம்ப்போடு இணைக்கும் ஸ்பான்ச் வகைதான் சிறந்தது. அதன் உறிஞ்சும் வேகம் குறைவு. தவளையின் கால் சிக்காது. ஒளிந்துகொள்ள ஒரு சிறு மண்சட்டியைக் கவிழ்த்து வாசல் விடலாம். ஜாவா பாசி, அனுபியாஸ் போன்ற செடிகள் குறைந்த வெளிச்சத்திலும் வளரும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, 24 முதல் 27 டிகிரி அதற்குச் சுகம். குளிர் நாடுகளில் தண்ணீரைச் சூடாக்கும் கருவி வாங்கச் சொல்வார்கள். நமக்குப் பிரச்சினை அதற்கு நேர்மாறானது. மதிய வெயிலில் மூடிய வீட்டுக்குள் தண்ணீர் 30 டிகிரியைத் தொட்டுவிடும். சன்னலோரத்திலும் தொலைக்காட்சிக்கு மேலேயும் தொட்டியை வைக்காதீர்கள். மூடிக்குப் பதில் மெல்லிய வலை போட்டு, தண்ணீரின் மேற்பரப்பை நோக்கிச் சின்ன மின்விசிறியை வைத்தால் இரண்டு டிகிரிவரை இறங்கும். அப்படிச் செய்யும்போது தண்ணீர் சீக்கிரம் வற்றும். அவ்வப்போது ஊற்றி நிரப்புங்கள். சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் வெப்பமானி ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள்.

தவளைக்கு முன்னால் தண்ணீர்

தொட்டியும் தவளையும் ஒரே நாளில் வீட்டுக்கு வரக் கூடாது. தவளையின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகும். அது நஞ்சு. ஃபில்டரின் ஸ்பான்சில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்தப் பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு, ஃபில்டரை ஓடவிட்டு, தொட்டியைத் தயார் செய்ய வேண்டும். நோயில்லாத மீன் தொட்டி நண்பர் வீட்டில் இருந்தால், அங்கே பழகிய ஸ்பான்ச் ஒரு துண்டை வாங்கிப் போடலாம்; காத்திருப்பு குறையும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் என்று காட்டிய பிறகே தவளையை வாங்குங்கள். காத்திருக்கும் இந்த ஒரு மாதம் பிள்ளைகளுக்கும் நல்ல சோதனைதான். ஒரு மாதத்துக்குப் பிறகும் ஆசை குறையவில்லை என்றால் தைரியமாக வாங்கலாம்.

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் தவளையின் மெல்லிய தோலைத் தாக்கும். அந்தத் தோல் வழியாகவே தண்ணீரும் தண்ணீரில் கரைந்தவையும் அதன் உடம்புக்குள் போகின்றன. ஒரு நாள் வாளியில் வைத்திருந்தால் குளோரின் போய்விடும் என்பது பழைய வழக்கம். ஆனால் குழாய்த் தண்ணீரில் குளோரமைன் கலந்திருந்தால் அது ஒரு நாளில் போகாது. சிங்கப்பூர்க் குழாய் நீரில் இருப்பது அதுதான். ஆகவே எங்கே இருந்தாலும், அட்டையில் போட்ட அளவுப்படி ஆண்டி-குளோரின் சேர்ப்பதே பாதுகாப்பு. வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். முழுவதையும் கொட்டிக் கழுவித் துடைத்து வைத்தால், வளர்த்த நல்ல பாக்டீரியாவும் போய்விடும். ஸ்பான்சையும் குழாயடியில் கழுவாமல், எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிப்பவர்களுக்குத் தண்ணீர்த் தடை புதிதல்ல. தடை அறிவிப்பு வந்ததும் குடிக்கவும் குளிக்கவும் பிடித்து வைப்பதோடு, தவளைக்கும் ஒரு வாளி பிடித்து வையுங்கள். தண்ணீர் திரும்பி வந்த முதல் நாளில் கலங்கலாக வந்தால், அதைத் தொட்டிக்கு ஊற்ற வேண்டாம். ஒரு முக்கியமான விஷயம்: பிடித்து வைத்த வாளியை இறுக மூடுங்கள். மூடாத வாளி ஏடிஸ் கொசுவுக்கு விருந்து வீடு. முட்டை கொசுவாக ஒரு வாரம் கொஞ்சம் கூடினால் போதும். தொட்டிக்குள் விழும் கொசுப்புழுவைத் தவளை தின்றுவிடும். வாளிக்குள் இருப்பதைத் தின்ன ஆளில்லை.

ஊதுவத்தி, சாம்பிராணி, கொசு மருந்து

நம் வீடுகளுக்கென்றே உள்ள எச்சரிக்கை இது. தவளை தண்ணீரின் மேல்மட்டத்தில் வந்து காற்றை எடுக்கிறது என்று பார்த்தோம். கூடத்தில் என்ன புகை இருக்கிறதோ, அதையும் சேர்த்துத்தான் எடுக்கும். பூசை அறைக்குப் பக்கத்தில் தொட்டி வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அறைக்கதவைச் சாத்தியோ, சன்னலைத் திறந்தோ வையுங்கள்.

கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிக்கும் ஸ்ப்ரே இன்னும் ஆபத்தானது. அவற்றில் பெரும்பாலும் இருக்கும் பைரித்திராய்டு வகை மருந்து மனிதரைவிட நீர்வாழ் பிராணிகளைப் பல மடங்கு கடுமையாகத் தாக்கும். சில துளிகள் தண்ணீரில் படிந்தாலே போதும். தொட்டி உள்ள அறையில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். டிங்கிக்காகக் குடியிருப்பில் புகை அடிக்க வரும்போது சன்னல்களைச் சாத்தி, ஏர் பம்ப்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துணியால் முழுவதும் மூடுங்கள். புகை அடங்கி வீட்டைக் காற்றாட விட்ட பிறகு எடுங்கள். ஏர் பம்ப் அறையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் விடும் கருவி என்பதால்தான் அதை நிறுத்தச் சொல்கிறோம். வாசனைத் திரவியம், தரை துடைக்கும் மருந்து, கைக்குப் பூசும் கிரீம் எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

எதற்குப் பதற வேண்டும்?

புதிதாக வளர்ப்பவர்கள் வீணாகப் பதறும் காரியங்கள் சில உண்டு. தவளை கைகால்களை விரித்தபடி அசையாமல் மேலே மிதக்கும், செத்துவிட்டதென்று நினைப்பார்கள். அது ஓய்வெடுக்கிறது. உடம்பிலிருந்து வெள்ளைத் துணி கிழிந்ததுபோல ஏதோ தொங்கும். அது தோல் உரிக்கிறது. ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உரித்து, உரித்ததை அதுவே தின்றுவிடும். இரவில் தொட்டியிலிருந்து சன்னமாக ரீங்காரம் கேட்டால் மோட்டார் பழுது என்று எண்ண வேண்டாம். ஆண் தவளை பெண்ணைக் கூப்பிடுகிறது. ஆணுக்கு முன்னங்காலின் அக்குளுக்குப் பின்னால் குண்டூசித் தலை அளவில் ஒரு சிறு வெண்மையான மேடு தெரியும்.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டியவை வேறு. இரண்டு மூன்று வேளை தொடர்ந்து தீனியைத் தொடாதது, அடிக்கடி அடிக்கடி தோல் உரிவது, காலும் வயிறும் சிவப்பது, பஞ்சு படர்வது, உடம்பு ஊதிப்போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தத் தவளையை உடனே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம் அங்கேதான் இருக்கும். மீனுக்கு வாங்கிய மருந்தை ஊற்றாதீர்கள். தாமிரம் கலந்த மருந்துகள் தவளைக்கு நஞ்சு. மீனுக்குப் போடுவதுபோல உப்பையும் போட வேண்டாம். எல்லாக் கால்நடை மருத்துவரும் தவளையைப் பார்ப்பதில்லை. தவளை நன்றாக இருக்கும்போதே, அதைப் பார்க்கும் கிளினிக் எது என்று விசாரித்து எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பார்க்கலாம், தொடக் கூடாது

தவளை அள்ளி விளையாடும் பிராணியல்ல. நம் கையின் சூடும் உப்பும் சோப்பும் அதன் தோலுக்கு ஆகாது. அதைவிடப் பெரிய காரணம் நம் பிள்ளைகளின் உடல்நலம். தவளையும் ஆமையும் நோயின் அறிகுறியே இல்லாமல் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். அமெரிக்காவில் 2009 முதல் 2011 வரை, 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் 200க்கும் அதிகமானோருக்குச் சால்மொனெல்லா தொற்று கண்டது. சுகாதாரத் துறையினர் தடம் பிடித்துப் போனபோது, அது வளர்ப்புக் குள்ளத் தவளைகளில் போய் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் 10 வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

தவளையைத் தொட்டால் மட்டும்தான் தொற்றும் என்பதில்லை. தொட்டித் தண்ணீரிலும் அந்தக் கிருமி இருக்கும். ஆகவே தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. அதற்கென்று தனி வாளி, தனிப் பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் கை வைத்தவர் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வேறு வேலை பார்க்க வேண்டும். 5 வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த பெரியவர் உள்ள வீட்டில், தவளை வாங்குவதைத் தள்ளிப்போடுவதே நல்லது.

ஆற்றில் விடுவது புண்ணியமல்ல

வளர்க்க முடியாமல் போனால், "பாவம், எங்கேயாவது பிழைத்துப் போகட்டும்" என்று குளத்திலோ கால்வாயிலோ விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. தவளை விஷயத்தில் அந்த இரக்கம் எவ்வளவு கேடு செய்யும் என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது.

1930களில் பிரிட்டிஷ் விலங்கியலாளர் லான்சலட் ஹாக்பென்னின் ஆராய்ச்சியின் வழியே ஒரு புதுப் பரிசோதனை வந்தது. ஒரு பெண்ணின் சிறுநீரைப் பெண் நகத் தவளைக்கு ஊசியாகப் போடுவார்கள். அவர் கர்ப்பமாக இருந்தால், தவளை ஒரு நாளுக்குள் முட்டையிடும். 1960கள்வரை உலகின் பல மருத்துவமனைகளுக்கு இந்தத் தவளைகள் கப்பலேறிப் போயின. பிறகு ஆய்வுக்கூடங்களுக்கும், வளர்ப்புப் பிராணிக் கடைகளுக்கும் போயின. தப்பியவையும் கைவிடப்பட்டவையும் கலிஃபோர்னியா, சிலி, பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் என்று பல இடங்களின் நீர்நிலைகளில் பெருகி, அங்குள்ள மீனையும் தவளையையும் தின்று வருகின்றன.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்னும் பூஞ்சை, தவளை வணிகத்தோடு சேர்ந்து உலகைச் சுற்றியது. நகத் தவளை அதனால் நோயுறாமலேயே அதைச் சுமக்கும். குள்ளத் தவளையோ அதனால் இறந்துபோகும். 2019ஆம் ஆண்டு சயன்ஸ் ஆய்விதழில் வெளியான ஒரு மதிப்பீடு, இந்த நோயால் குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்கள் குறைந்துவிட்டதாகவும், அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுவதாகவும் சொன்னது.

மலேசியாவில் மட்டும் 200க்கும் மேற்பட்ட தவளை இனங்கள் உண்டு. சரவாக்கின் குபா தேசியப் பூங்காவில் குடுவைச் செடிக்குள் தேங்கும் தண்ணீரில் வளரும் தவளை ஒன்றை 2010இல் உலகம் அறிந்தது. முழுதாக வளர்ந்த ஆண் தவளையே ஒரு சென்டிமீட்டரைச் சற்றுத்தான் தாண்டும். இப்படிப்பட்ட செல்வம் இருக்கும் மண்ணில், கடைத் தொட்டியின் நோயை நாம் கொண்டுபோய்ச் சேர்க்கலாமா? எனவே வளர்க்க முடியாவிட்டால் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கும் அனுபவமுள்ள ஒருவரிடம் ஒப்படையுங்கள். அழுக்குத் தண்ணீரைக்கூட வாசல் கால்வாயில் ஊற்றாமல் கழிவறையில் ஊற்றுங்கள். வாசல் கால்வாய் ஆற்றுக்குப் போகிறது. தவளை இறந்துவிட்டால் தாளில் சுற்றிப் பையில் கட்டிக் குப்பையில் சேர்க்கலாம். பிள்ளை அழுதால் அழட்டும். அது வளர்த்த உயிர்.

சட்டத்தையும் மனத்தில் வையுங்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட இனங்களை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். அந்தச் சட்டம் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் பொருந்தும். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனிச் சட்டங்கள் உள்ளன. ஐயம் இருந்தால் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காக்கள் துறையிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். காட்டிலோ தோட்டத்திலோ பிடித்த தவளையைத் தொட்டியில் போடவே வேண்டாம். ஜொகூரில் இருப்பவர்கள் சிங்கப்பூரில் உள்ள அக்காள் மகனுக்குப் பரிசாக ஒரு தவளையைப் பாலம் தாண்டிக் கொண்டுபோக நினைத்தால், அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள். அனுமதி இல்லாமல் உயிருள்ள பிராணியை அங்கே கொண்டுபோவது குற்றம். வளர்க்க அனுமதிக்கப்பட்ட பிராணிகளின் பட்டியலும் அங்கே குறுகியது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனால்?

நன்றாகத் தின்று கொழுத்த வளர்ந்த தவளை இரண்டு மூன்று நாள் தீனி இல்லாமல் தாங்கும். வார இறுதிப் பயணத்துக்குக் கவலை இல்லை. புறப்படும்முன் வயிறார ஊட்டிவிட்டு, மிச்சத்தை எடுத்துவிட்டுப் போங்கள். "நாலு நாளைக்கும் சேர்த்து" என்று அள்ளிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். தின்றது போக மிஞ்சியது அழுகி, நீங்கள் திரும்பும்போது தண்ணீர் நஞ்சாகியிருக்கும். ஒரு வாரத்துக்கு மேல் என்றால், பக்கத்து வீட்டாரிடமோ உறவினரிடமோ பொறுப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் உரிய தீனியைச் சிறு சிறு பொட்டலமாகப் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டுப் போனால், புதியவர்களும் அளவு தவறாமல் போடுவார்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, "ஒரு சின்னத் தவளைக்கு இத்தனையா?" என்று தோன்றலாம். எழுதும்போதுதான் நீளமாகத் தெரிகிறது. தொட்டி சீரான பிறகு உண்மையில் மிஞ்சுவது, தீனி நாளில் பத்து நிமிடமும் வாரத்தில் ஒரு அரை மணி நேரமும்தான். வாங்குவதற்கு முந்தின இரவே அந்தப் பத்து நிமிடம் யாருடையது என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள். அக்காளும் தம்பியும் முறை போட்டுக்கொள்ளலாம். வேலை முடிந்து வரும் அப்பா எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசியைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டுத் தொட்டியருகே உட்கார யாராவது ஒருவர் ஒப்புக்கொண்டால் போதும். மறுநாள் கடைக்குப் போய் முதலில் தொட்டியை வாங்கலாம். யாரும் ஒப்புக்கொள்ளாத வீட்டுக்குத் தவளை வேண்டாம். கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்து ரசித்துவிட்டு, கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.